வருஷத்துக்கு ஆறு பொய்

காலை ஏழரை மணிக்கு இஸ்திரிக்காரனுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, அந்த ஓட்டலின் நூற்றுப்பத்து அறைகளுக்கும் போகவேண்டிய படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் மறுபக்கம் வாங்குவது. அதற்குத்தான் சம்பளம். இன்னொன்று, செத்துப்போன தங்கையின் நாலரை வயது மகளுக்கு ஹெச்.ஐ.வி. மாத்திரை கொடுப்பது. அது சலவைக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அவன் மனைவிக்கும் தெரியாது.

பாலர் பள்ளி எட்டரைக்குத்தான் திறக்கும். அதுவரை அந்தப் பெண் துண்டுக் குவியலின்மேல் ராஜாங்கம் நடத்துவாள். பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு அழகாக ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊருக்கெல்லாம் அவள் வாலுதான். சேர்ந்தாற்போல ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். ஏழரை மணிக்கு மட்டும், மாமா கையசைத்ததும், சத்தம் போடாமல் இறங்கி இயந்திரத்தின் பின்பக்கம் போய்விடுவாள்.

அங்கே நீராவிக் குழாயை ஒட்டி அவனுடைய இரும்பு அலமாரி இருந்தது. அந்தச் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து வேறு யாரும் அந்த மூலைக்கு வரமாட்டார்கள். அதனால்தான் அவன் அந்த அலமாரியைக் கேட்டு வாங்கினான். உள்ளே, பழைய சட்டைக்கு அடியில், பெப்பர்மின்ட் வாங்கிய தட்டையான தகர டப்பா. ஐந்து சின்ன மாத்திரைகளை எடுத்து டம்ளரில் போட்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுப்பான். பிறகு அதே டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்கவைப்பான். ஒரு துளி வீணாகக் கூடாது. அவள் முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்கி முடித்ததும், உருளையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த தலையணை உறையை எடுத்து அவள் கன்னத்தில் வைப்பான். அந்த இதமான சூடுதான் அவளுக்குப் பரிசு. அதற்காக அவள் எதையும் குடிப்பாள்.

மாத்திரை வருவது பிளாஸ்டிக் பாட்டிலில். முதல் தடவை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது கடகடவென்று ஊரைக் கூட்டியது. அடுத்த மாதத்திலிருந்து, ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு, பாட்டிலையும் அதற்குள் இருக்கும் சின்னப் பையையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவான். பெயர் போட்ட பாட்டில் இல்லை, சத்தம் இல்லை, காதும் காதும் வைத்தாற்போல வேலை முடிந்தது. தன் சாமர்த்தியத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் அக்காவுக்கு மட்டும் மூக்கு நீளம். ஒருநாள் டம்ளரோடு பிடித்துவிட்டாள்.

"என்னடி வாலு, மாமா மட்டும் உனக்கு ஏதோ ஒளிச்சு ஒளிச்சுக் கொடுக்கிறாரு?"

டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்த இஸ்திரிக்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை வாலு மறக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒப்பித்தாள்.

"இது சத்து மருந்து. உயரமா வளர்றதுக்கு. சின்னப் பிள்ளைங்க மட்டும்தான் குடிக்கணும். பெரியவங்க குடிச்சா மீசை முளைக்கும்."

மீசை அவளே சேர்த்துக்கொண்டது. மடிப்பு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு வாலுவுக்கு இரண்டு கன்னத்துக்கும் இரண்டு தலையணை உறை கிடைத்தது.

வீட்டில் அப்படி ஒப்பித்துத் தப்பிக்க முடியாது. அவன் மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகள் அவள் கண்ணைத் தாண்டிப் போகும். விட்டுப்போன ஒரு தையல், பொத்தானுக்கடியில் தொங்கும் ஒரு பிசிறு, எதுவும் தப்பாது. அந்தக் கண்ணை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்குள் வருவாள்? ஒரு குண்டூசி இடம் மாறினாலும் கேள்வி வரும். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதை "தாயில்லாப் பிள்ளைங்களுக்கு எடை பாக்கறாங்க" என்று சொல்லி ஒப்பேற்றியிருந்தான். வார விடுமுறை நாளில் ஐந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாலுவைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போறேன்" என்று கிளம்புவான். எந்தக் கடைக்கு, என்ன வாங்க என்று அவள் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கடையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவள் கெட்டவளா என்றால், இல்லவே இல்லை. தொழிற்சாலையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு வாலுவுக்குக் கவுன் தைப்பாள். தன் தட்டிலிருந்துதான் அவளுக்கு ஊட்டுவாள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், எதிர் மாடியில் குடியிருந்த ஒருவருக்கு இந்த நோய் என்று தெருவில் கசமுசா கிளம்பியபோது, கொடியில் துணி போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்த வீட்டு டம்ளர்கூட நம்ம வாசப்படி தாண்டக் கூடாது." ஒரே ஒரு வாக்கியம். போகிற போக்கில் சொன்னது. அவளுக்கே இப்போது ஞாபகம் இருக்காது.

அதே வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் தங்கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் அதற்கு முந்தின வருஷமே செத்துப்போயிருந்தான், எலும்பும் தோலுமாக இவள் மட்டும் கிடந்தாள். "அண்ணிகிட்டகூடச் சொல்லிடாதேண்ணா. பிள்ளையைத் தனித்தட்டுல உக்கார வெச்சிடுவாங்க." இவன் தலையாட்டினான். இரண்டாம் நாள் அவள் கண்ணை மூடிவிட்டாள். அந்தத் தலையாட்டலை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? மனைவிக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆனால் அந்த 'லாம்' என்பதை நம்பிப் பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பணயம் வைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில், மருந்து வாங்கியதும் போகவிடாமல் ஆலோசகர் அம்மா அவனைப் பிடித்து உட்காரவைத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாலுவையும் மற்றப் பிள்ளைகளையும் பக்கத்து அறையில் பொம்மைகளோடு விட்டுவிட்டு, வளர்ப்பவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் ஏதோ வில்லங்கம் என்று இஸ்திரிக்காரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

வில்லங்கம் இல்லை. தினம் மாத்திரை கொடுப்பதற்குப் பதிலாக, இரண்டு மாதத்துக்கு ஒருதடவை ஊசி. பெரியவர்கள் சிலருக்கு ஏற்கெனவே போடுகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்க இங்கே ஓர் ஆய்வு தொடங்கப்போகிறது, முதலில் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அதற்குமுன் பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவேண்டும். "மனசுல படறதைச் சொல்லுங்க. சரி தப்புன்னு எதுவும் இல்லை," என்றார் ஆலோசகர்.

முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிவிட்டிருந்த ஒரு சின்னவயசு அம்மா முதலில் கேட்டாள்: "மாத்திரை ஒத்துக்கலைன்னா நாளைக்கே நிறுத்திடலாம். ஊசி உள்ள போயிட்டா? ரெண்டு மாசம் உடம்புக்குள்ளயே இருக்குமே, பிடிச்சு வெளிய இழுக்க முடியுமா?"

"என் பையனுக்கு ஊசியைக் காட்டினா ஆஸ்பத்திரி ரெண்டாயிடும்," என்றார் ஒரு லாரி டிரைவர். "போட வர்ற நர்ஸுக்கு முதல்ல ஹெல்மெட் கொடுங்க. அது கிடக்கட்டும், சரியா அந்த நாள்ல நான் எந்த ரோட்டுல இருப்பேன்னு எனக்கே தெரியாதே? மாத்திரைன்னா பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போயிடுவேன்."

பதினொரு பிள்ளைகளை வைத்து விடுதி நடத்தும் அம்மா இரண்டு கையையும் தூக்கினார். "எனக்கு வேணும். பதினொண்ணுக்கும் வேணும். காலைல வரிசையா நிக்கவெச்சு, வாயைத் திற, நாக்கைத் தூக்குன்னு போலீஸ்காரி மாதிரி கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. ஒருத்தி மாத்திரையைப் பூந்தொட்டியில துப்பிட்டு இருந்திருக்கா. மூணு மாசம்."

இஸ்திரிக்காரன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன். ஆலோசகர் அவனைப் பெயர் சொல்லாமல், "நீங்க?" என்று மட்டும் கேட்டார். அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஊசி வலிக்குமா வலிக்காதாங்கிறது அப்புறம் மேடம். தினம் மாத்திரை கொடுக்கிறதுக்குத் தினம் ஒரு பொய் சொல்றேன். வீட்டுல ஒண்ணு, வேலை செய்யற இடத்துல ஒண்ணு, லீவு நாள்ல கடைத்தெருவுல ஒண்ணு. நான் சொல்றது போதாதுன்னு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசின்னா வருஷத்துக்கு ஆறு பொய்தான். ஆறு பொய்னா நான் சமாளிச்சுக்குவேன். அவ ஒண்ணுகூடச் சொல்லவேண்டாம்."

விடுதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். லாரி டிரைவர் தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து இவன் தட்டில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கிளம்பும்போது ஆலோசகர் அவனிடம் தனியாகச் சொன்னார். பன்னிரண்டு பேரில் வாலுவின் பெயரையும் எழுதிக்கொள்கிறேன், ஒரே ஒரு நிபந்தனை, ரத்தத்தில் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள்கூட விடாமல் மருந்து சாப்பிட்டிருந்தால் அடங்கித்தான் இருக்கும்.

"ஒரு நாள் இல்லை, ஒரு வேளை தப்பினதில்லை மேடம்," என்றான். அது சத்தியம். பஸ் ஓடாத வேலைநிறுத்த நாளில், விடுமுறை என்று தெரிந்தும், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சலவைக்கூடம்வரை நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். வாலுவின் கையில் ரத்தம் எடுத்தபோது அவள் போட்ட கூச்சலுக்கு, இனி ஊசியெல்லாம் எப்படிப் போடுவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் அவன் உள்ளங்கால் தரையில் பாவவில்லை.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கிருமி ஏகத்துக்கு ஏறியிருந்தது.

"எத்தனை நாள் விட்டீங்க?" என்றாள் நர்ஸ், தலையை நிமிர்த்தாமல்.

"விடலை."

"மாசத்துக்கு ரெண்டு நாள்? மூணு நாள்?"

"விடலைன்னு சொல்றேனே."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க."

அவனுக்குக் காது மடல் வரை சூடேறியது. இரண்டு வருஷம் உலகத்துக்கே பொய் சொன்னவன், ஒரே ஓர் இடத்தில் உண்மை பேசுகிறான், அங்கேதான் அவனைப் பொய்யன் என்கிறார்கள். மேசையைக் குத்தலாமா என்று வந்தது. வாலு மடியில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டான். கடைசியில் ஆலோசகர்தான், "வீட்டுல இருக்கிற மாத்திரையை அப்படியே நாளைக்கு எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்," என்றார்.

மறுநாள் தகர டப்பாவைக் கொண்டுபோனான். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் நரைத்த புருவக்காரர். டப்பாவைக் கண்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு மாத்திரையை இரண்டு விரலால் லேசாக நசுக்கினார். அது ஈரச் சுண்ணாம்பைப்போல விரலில் ஒட்டிக்கொண்டது.

"பாட்டில் எங்கே?"

"அதுல பேர் போட்டிருக்கே சார். தூக்கிப் போட்டுட்டேன்."

"உள்ளே ஒரு சின்னப் பை இருந்திருக்குமே?"

"அது சாப்பிடறதில்லைன்னு எழுதியிருந்தது. சத்தம் வேற போடுச்சு. அதனால..."

"ஈரத்தை உறிஞ்சறதுக்காக வெச்சது அது. இந்த மாத்திரைக்கு ஈரம்தான் எமன். எங்கே வெச்சிருந்தீங்க இதை?"

இஸ்திரிக்காரன் சொன்னான். நீராவிக் குழாய், அலமாரி, யாரும் வராத மூலை, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரலே அவனுக்குக் கேட்காமல் போனது. கொஞ்ச நாளாக மாத்திரை தண்ணீரில் விழுந்த நொடியே கரைந்துபோவதையும், அதன்மேல் பழுப்புப் புள்ளிகள் வந்ததையும் அவன் கவனித்திருந்தான். முன்பெல்லாம் மூன்று நிமிஷம் கலக்க வேண்டும். கம்பெனிக்காரனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே, பிள்ளைகளுக்குச் சுலபமாகச் செய்துவிட்டானே என்று சந்தோஷப்பட்டிருந்தான். அதையும் சொன்னான்.

மருந்துக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பாதி மருந்துதான் உள்ள போயிருக்கும்," என்றார் மெதுவாக. "கிருமியைக் கொல்லவும் போதாது, சும்மா விடவும் இல்லை. பாதி மருந்துலதான் அது தப்பிக்கக் கத்துக்கும்."

கிருமி இறங்குகிறதா என்று பார்க்க மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். புது மாத்திரை, மூடி திருகிய பாட்டிலோடு, பையோடு. இந்தத் தடவை அவன் பெயர்ச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. ஓட்டலின் மூன்றாவது மாடியில், விருந்துக்கூடத்து மேசைவிரிப்புகளை அடுக்கிவைக்கும் அறைதான் அந்தக் கட்டடத்திலேயே உலர்ந்த இடம். அங்கே ஆறு மாதத்துக்கு யாரும் தொடாத ஊதா விரிப்புகளுக்கு நடுவே பாட்டிலை வைத்தான். தினம் ஏழரைக்கு மூன்று மாடி ஏறி இறங்கினான். ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரில் போட்டான். வாலுவுக்கு அது புது விளையாட்டு. தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை ஆராய்ந்து, "பாஸ்," என்பாள். அத்தையிடம் கற்றுக்கொண்டது.

ஆய்வுப் பட்டியலில் வாலுவின் இடத்தை ஆலோசகர் யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலும் கிருமி இறங்கவில்லை. இன்னும் நுணுக்கமான ஒரு சோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வந்த நாள் டாக்டரம்மா அவர்களைக் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தியதுமே அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"கிருமி இந்த மாத்திரையைப் பழகிடுச்சு. இனிமே இது கேக்காது. மருந்தை மாத்தணும்."

"சரிங்க டாக்டர். அப்போ ஊசி?"

டாக்டரம்மா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி, மறுபடி திறந்தார். "ஊசியில இருக்கிற மருந்தும் இந்த மாத்திரையும் பங்காளிங்க மாதிரி. இதுக்குப் பயப்படாத கிருமி அதுக்கும் பயப்படாது. அந்த ஊசி இவளுக்கு வேலை செய்யாதுங்க."

"இப்போதைக்கா, எப்பவுமேவா?"

"இந்த ஊசி எப்பவுமேதான். நாளைக்கே வேற ஊசி எதுவும் வரலாம்."

மறுபடியும் ஒரு 'லாம்'. இஸ்திரிக்காரன் தலையாட்டினான். தலையாட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்? தங்கைக்கு ஆட்டிய அதே தலை. நான் ஒரு வேளைகூட விடவில்லையே டாக்டர் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்ல நினைத்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மென்று விழுங்கிவிட்டான். பிள்ளையைக் காப்பாற்ற ஒளித்த ஒளிப்புதான் பிள்ளையின் மருந்தைத் தின்றிருக்கிறது. இதை யார்மேல் போட்டு அழுவது?

புது மருந்து திரவம். எட்டிக்காயாகக் கசக்கும் என்று மருந்துக்காரர் முன்னாலேயே எச்சரித்தார். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. பிறகு கண்ணாடிப் பாட்டிலைப் பனிக்கட்டிப் பையில் வைத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "இதை ஃப்ரிட்ஜுல வைக்கணும். கதவுல வேண்டாம், அடிக்கடி திறந்தா சூடாகும். உள்தட்டுல."

"வெளிய வெச்சா என்ன சார்? ஓட்டல்ல மாடியில ஒரு அறை இருக்கு, நல்லா..."

"நம்ம வெயிலுக்கா? மறுபடியும் முதல்லேருந்தா?"

இஸ்திரிக்காரன் வேறு இடம் யோசித்தான். ஓட்டல் சமையலறையில் ஆள் உயர ஃப்ரிட்ஜ்கள் பத்து இருந்தன. அதில் ஒரு மருந்துப் பாட்டிலை வைத்தால் மாலைக்குள் மேலாளர் கைக்குப் போய்விடும். அப்படியே வைத்தாலும் மாலை ஏழு மணிக்கு அவன் வீட்டில் இருப்பான், அவன் மனைவியும் இருப்பாள். வீட்டில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். அதை ஒரு நாளைக்கு இருபது தடவை திறப்பவள் அவள்.

பஸ்ஸில் வாலு ஜன்னலோரம். பையை அவன் மடியில் அணைத்துப் பிடித்திருந்தான். பனிக்கட்டி உருகி அவன் கால்சட்டை நனைந்தது. நனைய நனைய அவன் மனசுக்குள் மூன்று வாக்கியங்களை அடுக்கினான். உக்காரு, ஒண்ணு சொல்லணும். என் தங்கச்சிக்கு வந்த நோய் என்னன்னு உனக்குச் சொன்னதில்லை. அதுதான் பிள்ளைக்கும் இருக்கு. இதற்குமேல் நான்காவது வாக்கியம் வரவில்லை. நான்காவதை அவள்தான் சொல்லவேண்டும். இரண்டு வருஷமாகத் தன் தட்டிலிருந்து ஊட்டியவள், சொல்லவேண்டியதைச் சொல்லட்டும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த ஆறு பொய்கூட வேண்டாம்.

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்து ஒட்டுத்துணிகளை விரித்துப் போட்டிருந்தாள். வாலு செருப்பை உதறிவிட்டு அதன்மேல் பாய்ந்தாள். இவன் நேராக ஃப்ரிட்ஜிடம் போனான். கதவைத் திறந்தான். உள்தட்டில் இடம் இருந்தது. பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தான், ஆனால் வைக்கவில்லை. ஒளித்து வைப்பதுபோல இருக்கக் கூடாது என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க அது? கால்சட்டை எல்லாம் ஈரம்," என்று மனைவி எழுந்து வந்தாள். அந்தக் கண்கள் பாட்டிலின்மேல் வந்து நின்றன.

"உக்காரு," என்றான். சத்தமாகவே சொன்னான். முதல் வாக்கியத்தில் பாதி வெளியே வந்துவிட்டது.

மாமாவின் முகத்தை வாலு பார்த்தாள். மடிப்பு அக்கா டம்ளரோடு பிடித்த அன்றைக்கு மாமாவின் முகம் இப்படித்தான் இருந்தது. துணிகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து இருவருக்கும் நடுவே நின்றாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அது சத்து மருந்து அத்தை! உயரமா வளர்றதுக்கு. ஆஸ்பத்திரியில எடை பாத்தாங்கல்ல, நான் கம்மியாம். சின்னப் பிள்ளைங்க மட்டும்தான் குடிக்கணும். பெரியவங்க குடிச்சா மீசை முளைக்கும்."

எடையை அவளே புதிதாகச் சேர்த்திருந்தாள். பொருத்தமாகவும் சேர்த்திருந்தாள். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.

மனைவி ஒரு நொடி இருவரையும் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். "மீசையா? அடிக் கழுதை!" என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டிலை இவன் கையிலிருந்து வாங்கினாள். "இதையே நீங்க சொல்லியிருந்தா நூறு கேள்வி கேட்டிருப்பேன். பச்சப்பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும். ஏங்க, ஏதோ உக்காருன்னீங்களே? என்ன விஷயம்?"

இரண்டாவது வாக்கியம் தொண்டையில்தான் இருந்தது. அதைச் சொன்னால், இப்போது பொய் சொன்னது யார் என்று ஆகும்? அவன் மனைவியின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தோளுக்குமேலே, நான் சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லை," என்றான்.

மனைவி பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"கதவுல வேணாம். உள்தட்டுல வை." அவனால் சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான்.

வாலு இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். ஒரு விரலால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பரிசு வேண்டும். இங்கே உருளை இல்லை, தலையணை உறை இல்லை. அவன் குனிந்து உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தான். வழியெல்லாம் பனிக்கட்டிப் பையைப் பிடித்திருந்த கை. அவள் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"இது சூடா இல்லையே மாமா," என்றாள்.